தோள் மூட்டுத் தேய்மானம்: அம்மாவுக்கு உடனே அறுவை சிகிச்சை வேண்டுமா?

உங்கள் கேள்வியின் சாரம் இது: அம்மாவுக்கு 66 வயது. வலது தோளில் ஓராண்டாக வலி. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. எக்ஸ்ரே அறிக்கையில் தேய்மானம் என்று எழுதியிருக்கிறது. ஒரு மருத்துவர் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்கிறார். இன்னொருவர் ஜெல் ஊசி போட்டால் சில ஆண்டுகள் தள்ளிப்போடலாம் என்கிறார். உறவினர்களோ பத்து நாள் கரண்ட் வைத்தால் போதும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரம் இல்லை. தோள், முழங்காலைப் போல உடல் எடையைத் தாங்கி நிற்கும் மூட்டு அல்ல. அதனால் எக்ஸ்ரே பார்க்கப் பயமாக இருந்தாலும், ஓரளவு வலியோடு பல ஆண்டுகள் நன்றாக வாழ்கிறவர்கள் நிறையப் பேர். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டியது படம் அல்ல. அம்மாவின் இரவுத் தூக்கமும், அவரால் தனியாகக் குளித்து, உடுத்தி, சாப்பிட முடிகிறதா என்பதும்தான். அதற்கும் முன்னால் தெரிய வேண்டியது ஒன்று உண்டு: தேய்ந்திருப்பது எந்த மூட்டு? வலி உண்மையில் அங்கிருந்துதான் வருகிறதா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், தோளில் இரண்டு மூட்டுகள் தேயும். ஒன்று, காறை எலும்பின் வெளிமுனையும் தோள்பட்டை எலும்பின் உச்சியும் சேரும் சிறு மூட்டு. ஐம்பதைத் தாண்டிய பெரும்பாலானோருக்கு இது எக்ஸ்ரேயில் தேய்ந்துதான் தெரியும். பலருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இருக்காது. வலித்தாலும் தோளின் மேல் உச்சியில், ஒரே விரலால் தொட்டுக் காட்டும்படி வலிக்கும். கையை மார்புக்குக் குறுக்காக எதிர்த் தோளுக்குக் கொண்டுபோனால் அதிகமாகும். மற்றொன்று பந்துக்கிண்ண மூட்டு, உண்மையான தோள் மூட்டு. மூட்டு மாற்றுப் பேச்சு இதற்கு மட்டுமே பொருந்தும். அறிக்கையை எடுத்து எந்த மூட்டு என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள். மேல் உச்சி மூட்டில் தேய்மானம் என்று மட்டும் இருந்தால் இந்த விவாதத்தில் பாதி தேவையே இல்லை.

பந்துக்கிண்ண மூட்டின் கட்டமைப்பைத் தெரிந்துகொண்டால் பின்னால் சொல்லப்போவது எளிதாகப் புரியும். சிறு தட்டின் மேல் நிறுத்திய எலுமிச்சம்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மேற்கை எலும்பின் தலை பெரியது, அதைத் தாங்கும் கிண்ணம் சிறியது, ஆழமற்றது. கை இத்தனை திசையில் சுழல்வது இதனால்தான். பந்து உருண்டு விழாமல் பிடித்து வைத்திருப்பவை அதைச் சுற்றியுள்ள நான்கு தசைநார்கள். மக்கள் ஜவ்வு கிழிந்துவிட்டது என்று சொல்லும்போது பெரும்பாலும் இவற்றைத்தான் குறிப்பிடுகிறார்கள். தேய்மானத்தில் பந்தின் மீதும் கிண்ணத்தின் மீதும் உள்ள குருத்தெலும்பு மெலிந்து போகிறது. எலும்பும் எலும்பும் நெருங்குகின்றன. பந்தின் கீழ் விளிம்பில் எலும்பு முள் வளர்கிறது. மூட்டைச் சுற்றிய உறை தடித்துச் சுருங்குகிறது. கிண்ணத்தின் பின்பக்கம் அதிகமாகத் தேய்ந்து, பந்து மெல்லப் பின்னோக்கி நகர்வதும் உண்டு. அறுவை சிகிச்சை நிபுணர்கள் கவலையோடு பார்ப்பது இதைத்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கையை இடுப்போடு ஒட்டி, செங்குத்தாக மடக்கச் சொல்லுங்கள். முழங்கை விலாவைவிட்டு நகராமல் முன்கையை வெளிப்பக்கம் திருப்பட்டும். இரண்டு கைகளையும் ஒப்பிடுங்கள். பிறகு வலிக்கும் கையை நீங்களே மெதுவாக வெளியே திருப்பிப் பாருங்கள். அவராலும் திருப்ப முடியவில்லை, உங்களாலும் முடியவில்லை, ஏதோ முட்டுகிறது என்றால் மூட்டுக்குள்ளேயே சிக்கல்: தேய்மானம் அல்லது உறைதோள் (மூட்டைச் சுற்றிய உறை சுருங்கித் தோள் இறுகிப்போவது). அவரால் முடியவில்லை, ஆனால் நீங்கள் திருப்பினால் கை இணங்குகிறது என்றால் தசைநார் கிழிசலைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு கைகளும் சமமாகத் திரும்பினால், பந்துக்கிண்ண மூட்டின் கடுமையான தேய்மானமாக இருக்க வாய்ப்பு குறைவு. கழுத்திலிருந்து வரும் வலியா என்று பார்க்க வேண்டும். தோள் வலி பெரும்பாலும் முழங்கைக்கு மேலேயே நின்றுவிடும். விரல்வரை இறங்குகிறது, மரத்துப்போகிறது என்றால் கழுத்துதான் முதல் சந்தேகம். இந்தச் சோதனை மருத்துவரின் பரிசோதனைக்கு மாற்று அல்ல. ஆனால் அடுத்த முறை அவரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்லித்தரும்.

உறைதோள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் அதிகம் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பிறரைவிடப் பல மடங்கு. வலி, இறுக்கம், வெளிப்பக்கம் திரும்பாமை எல்லாம் தேய்மானத்தைப் போலவே இருக்கும். வித்தியாசம் எக்ஸ்ரேயில்: உறைதோளில் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி இயல்பாக இருக்கும், முள் இருக்காது. அது ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் பெரும்பாலானோருக்குத் தானாகவே தளர்ந்துவிடும். மேல் உச்சி மூட்டின் தேய்மானம் படத்தில் தெரிய, உண்மையான வலி உறைதோளால் வர, இரண்டையும் சேர்த்துத் தேய்மானம் என்று சொல்லிவிடுவது அரிதல்ல. அப்படியானால் பேச்சு முழுக்க வேறு திசைக்குப் போய்விடும்.

எக்ஸ்ரே எடுத்த விதமும் முக்கியம். நேராக நிற்க வைத்து எடுத்தால் பந்தும் கிண்ணமும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து, இடைவெளியே தெரியாது. உடலைச் சற்றுத் திருப்பி நிற்க வைத்து எடுக்கும் படம் ஒன்று, கையை விலக்கி அக்குள் வழியாக எடுக்கும் படம் ஒன்று. இந்த இரண்டும் இருந்தால் தேய்மானத்தைத் தீர்மானிக்கப் போதும். தொடக்கத்திலேயே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். தசைநார் கிழிந்திருக்கிறதா என்ற கேள்விக்கு அது உதவும். தேய்மானத்தைக் கண்டுபிடிக்க அது தேவையில்லை. இந்த வயதில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஏதாவது ஒரு கிழிசல் எழுதாமல் வராது; அதைப் படித்து வீடே பயந்துவிடும்.

தேய்மானத்துக்குக் காரணங்களும் பல. வயது, பரம்பரை, பழைய எலும்பு முறிவு, இளமையில் பலமுறை தோள் நழுவியது, நெடுநாள் கிழிந்தே கிடந்த தசைநார். எல்லாவற்றுக்கும் சிகிச்சை ஒன்றல்ல. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்குமேல் இறுக்கம், இரண்டு தோளும் வலி, விரல் மூட்டுகளில் வீக்கம் என்றால் அது முடக்குவாதமாக இருக்கலாம். வாதநோய் நிபுணரைப் பார்த்து நோயையே அடக்கும் மருந்து எடுக்க வேண்டும். அந்த மருந்துகளில் முதன்மையான மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டுமே சாப்பிடுவது. தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. மேற்கை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது சரிந்து போவதும் ஒரு காரணம். நீண்ட நாள் ஸ்டீராய்டும் மதுவும் அதற்கு முக்கியமான வழிகள். மூட்டு வலிக்கு என்று பெயரில்லாத பொட்டலத்தில் விற்கப்படும் பொடி, மாத்திரை சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது ஆய்வகங்களில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்ட விஷயம். இரண்டே நாளில் எல்லா வலியும் பறந்துவிட்டது, பசி எடுக்கிறது, முகம் உப்பியிருக்கிறது, சர்க்கரை ஏறுகிறது என்றால் அம்மா வேறென்ன சாப்பிடுகிறார் என்று விசாரியுங்கள். ஆனால் பல மாதம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நிலைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காய்ச்சலோடு தோள் சூடாகி வீங்கினால் அன்றே மருத்துவமனை. மாலைக் காய்ச்சல், எடை குறைதல், தோளின் சதை வேகமாக வற்றுதல் என்றால் காசநோயை நினைக்க வேண்டும். தோளில் அது சீழ் வைக்காமல் உலர்ந்த வகையாக வந்து உறைதோளைப் போலவே ஏமாற்றும். அதில் ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டால் கேடு. நடந்தால் வரும், நின்றால் போகும் இடது தோள் வலி, அல்லது வியர்வையும் மூச்சிரைப்பும் சேர்ந்த வலி, தோளின் வேலை அல்ல; இதயத்தைப் பார்க்க வேண்டும்.

இனி, பந்துக்கிண்ண மூட்டின் தேய்மானம்தான் என்று உறுதியானதாக வைத்துக்கொள்வோம்.

வீட்டில் செய்யும் மாற்றங்களுக்கு மருத்துவமனையில் யாரும் இரண்டு நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. எனக்கோ பாதி சிகிச்சை அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. துணி காயப்போடும் கொடியை மார்பு உயரத்துக்கு இறக்குங்கள். தினமும் எடுக்கும் டப்பாக்கள் மேல் அலமாரியிலிருந்து அடுப்பு மேடைக்கு வரட்டும். குடத்தில் முழுக்கத் தண்ணீர் தூக்குவதற்குப் பதில் இரண்டு பாதி வாளிகள், அதுவும் உடலோடு ஒட்டி. கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவும் வேலை வீட்டில் வேறு யாருக்காவது போகட்டும். தலை சீவும்போது முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டு தலையைச் சாய்த்தால் வலி பாதி குறையும். ரவிக்கைக்கு முன்பக்கக் கொக்கி. போடும்போது வலிக்கும் கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டாம். செங்குத்துக் கம்பியை இடுப்பு உயரத்தில் பிடிக்கலாம்.

இரவு வலிதான் இந்த நோயின் கொடுமை. வலிக்கும் பக்கம் படுக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். மல்லாந்து படுக்கும்போது முழங்கை பாயில் கீழே இறங்கித் தோளை முன்னால் தள்ளுகிறது என்பது தெரியாது. மேற்கைக்கும் முழங்கைக்கும் அடியில் ஒரு மடித்த போர்வையை வைத்து, கை உடலின் மட்டத்துக்கு வரும்படி தாங்குங்கள். நல்ல பக்கம் ஒருக்களித்தால் ஒரு தலையணையை அணைத்து, வலிக்கும் கையை அதன் மேல் வைக்கட்டும். செலவே இல்லாத இந்த ஏற்பாட்டில் மாத்திரை இல்லாமல் தூங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பயிற்சிக்கு வருவோம். இது என் தொழில், அதனால் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பல பிசியோதெரபி மையங்களில் தோள் வலி என்று வந்தவர் எல்லோருக்கும் ஒரே சடங்கு: பத்து நிமிடம் கரண்ட், பத்து நிமிடம் சூடு, பிறகு சுவரில் மாட்டிய சக்கரத்தைச் சுற்றச் சொல்வது. கரண்ட் வைக்கும்போது இதமாக இருக்கும். அன்று மாலைவரை நிற்கலாம். தேய்ந்த குருத்தெலும்பை எந்தக் கருவியும் வளர்க்காது. வீட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் ஏறக்குறைய அதே இதம் கிடைக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்கு டையாதெர்மி எனும் சூட்டுக்கருவி வைக்கவே கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதைவிடப் பெரிய தவறு, உறைதோளுக்குச் செய்வதைப் போலத் தேய்ந்த தோளையும் இழுத்து நீட்டுவது. உறைதோளில் தடையாக இருப்பது சுருங்கிய உறை. குறிப்பிட்ட கட்டத்தில் நீட்டினால் இணங்கும். தேய்மானத்தில் ஒரு கட்டத்துக்குமேல் முட்டுவது எலும்பு முள். அங்கே தள்ளினால் வீக்கமும் வலியும்தான் மிஞ்சும். எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதில் தவறில்லை, இதமாக இருக்கும். ஆனால் கையை வெடுக்கென்று இழுத்துச் சொடக்கு எடுப்பவரிடம் அம்மாவின் தோளைக் கொடுக்காதீர்கள்.

செய்யக்கூடியவை எளியவை. வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு நல்ல நேரம். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு, உடலை மெல்ல அசைத்தால் கை தானாக ஆடும்; கையை ஆட்டக் கூடாது, உடல்தான் அசைய வேண்டும். அடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து மேசைமேல் துண்டை விரித்து, அதன் மேல் கையை வைத்து முன்னால் தள்ளிக்கொண்டே குனிவது. மூன்றாவது மல்லாந்து படுத்து: முழங்கைக்கு அடியில் மடித்த துண்டு, இரண்டு கைகளிலும் ஒரு குடைக்கம்பு, நல்ல கை கம்பைத் தள்ளி வலிக்கும் முன்கையை வெளிப்பக்கம் மெதுவாகத் திருப்பட்டும், முட்டும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். பலத்துக்கு, சுவரோரம் நின்று புறங்கையால் சுவரை ஐந்து விநாடி அழுத்துவது, பிறகு உள்ளங்கையால். மூட்டு அசையாமலே தசை வேலை செய்கிறது. கடைசியாகத் தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகுக்கு நடுவே சேர்த்துப் பிடித்து விடுவது. ஒவ்வொன்றும் பத்து முறை, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வதைவிட இது மேல். பயிற்சிக்குப் பின் வலி இரண்டு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. மறுநாள் காலையும் அதிகமாகவே இருந்தால் பாதியாகக் குறையுங்கள். ஆறு வாரமாவது ஆகும் பலன் தெரிய. நான்கு நாள் செய்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று வராதீர்கள்.

மாத்திரைகளில் முதலில் பாராசிட்டமால். இதன் பலன் சுமார்தான். ஆனாலும் அம்மாவின் உடல்நிலைக்கு மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. வயதானவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 3 கிராமுக்குமேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சளி மாத்திரையிலும் அதே மருந்து இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். ஐபுப்ரோபன், டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் வகை மாத்திரைகள் நன்றாகவே கேட்கும். ஆனால் இரைப்பைப் புண், ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் என்று நான்கு பக்கமும் விலை கேட்கும். ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற மாத்திரையும், கூடவே நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர் இதையும் தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகக்கூடும். சர்க்கரை உள்ளவருக்கு இது இன்னும் கவலைக்குரியது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, குறைந்த நாட்களுக்கு, மருத்துவர் சொன்னால் மட்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் இரண்டு வேளை வலி மாத்திரைதான் என் பயம். டைக்ளோஃபெனாக் கொடுத்த மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறுக்கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்து, 2006-ல் இந்திய அரசு அதைக் கால்நடைகளுக்குத் தடைசெய்தது. நமக்கும் பறவைக்கும் உடல் வேறுதான். ஆனாலும் எளிதாக எண்ணி விழுங்கும் மருந்து அல்ல அது.

வலி நிவாரண ஜெல் பூசலாம், தீங்கு குறைவு. தோள் மூட்டு தடித்த தசைக்கு அடியில் இருப்பதால் முழங்காலுக்குக் கிடைக்கும் பலனை எதிர்பார்க்க வேண்டாம். குளுக்கோசமின் மாத்திரைக்குச் செலவழிக்கும் பணத்தில் பழம் வாங்கலாம். பிரிகாபலின் கலந்த மாத்திரையை எழுதியிருந்தால் எதற்கு என்று கேளுங்கள்; அது நரம்பு வலிக்கான மருந்து, தூக்கக் கலக்கத்தில் இந்த வயதில் விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும்.

ஊசிகள் பல வகை. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களிலிருந்து சில மாதங்கள்வரை வலியைக் குறைக்கும். நோயை மாற்றாது. இரவுத் தூக்கமே போய்விட்ட ஒருவருக்கு, தூங்கவும் பயிற்சி தொடங்கவும் ஓர் இடைவெளி தருகிறது. அதற்காகப் போடுவதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் ஊசி மூட்டுக்குள் இறங்க வேண்டும். கண்ணால் பார்த்துக் குத்துவதைவிட அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுவது நல்லது. ஊசிக்குப் பிறகு ஒரு வாரம்வரை சர்க்கரை ஏறும். சில சமயம் 300-ஐத் தாண்டும். முன்கூட்டியே சர்க்கரை மருத்துவரிடம் சொல்லி, அந்த வாரம் வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று மாத இடைவெளி வேண்டும். அறுவை சிகிச்சை என்று முடிவானால் அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் ஊசி கூடாது, கிருமித்தொற்று அபாயம் கூடும்.

ஜெல் ஊசி பற்றி உங்கள் இரண்டாவது மருத்துவர் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க எலும்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்கள் கழகம் 2020-ல் தோள் தேய்மானத்துக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், ஹயலுரானிக் அமில ஊசியால், அதாவது இந்த ஜெல் ஊசியால், பலன் இல்லை என்பதற்கு வலுவான சான்று இருப்பதாகவே எழுதியிருக்கிறது. முழங்காலுக்கு அதைப் பற்றி வாதம் தொடர்கிறது. தோளுக்கு அந்த வாதமும் இல்லை. சொந்த ரத்தத்தைச் சுழற்றிப் போடும் பி.ஆர்.பி., ஸ்டெம் செல் ஊசிகளுக்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்பதும் அதே ஆவணத்தில் உண்டு. குருத்தெலும்பு வளரும் என்று விளம்பரம் செய்பவரிடம் ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். அறுவை சிகிச்சைக்கு உடல் தாங்காதவர்களுக்குத் தோளின் உணர்வு நரம்பை மரக்கச்செய்யும் ஊசி ஒன்று உண்டு. வலி நிவாரண மருத்துவர்கள் போடுகிறார்கள், பலருக்குச் சில மாதம் நிற்கிறது. இதைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் ஆறு மாதமாவது ஒழுங்காகச் செய்து, அப்படியும் இரவுகள் போகின்றன, கை உபயோகத்துக்கு வரவில்லை என்றால் மூட்டு மாற்றைப் பற்றி யோசிக்கலாம். 66 வயது தடையல்ல. விதிவிலக்கு ஒன்று: ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் எக்ஸ்ரேயில் கிண்ணத்தின் எலும்பு வேகமாகக் கரைந்துகொண்டே போனால் காத்திருப்பது நல்லதல்ல. பின்னால் பொருத்துவதற்கு எலும்பு மிஞ்சாது. முதல் மருத்துவர் அவசரப்படுத்தியதற்கு இதுதான் காரணமா என்று அவரிடமே கேளுங்கள். அப்படி இருந்தால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு.

அறுவை சிகிச்சையில் இரண்டு வகை. இயற்கை அமைப்பைப் போலவே உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் வைப்பது ஒன்று. நான்கு தசைநார்களும் நல்ல நிலையில் இருந்தால் மட்டுமே இது சரிப்படும். மற்றொன்று தலைகீழ் மூட்டு: கிண்ணம் இருந்த இடத்தில் பந்து, பந்து இருந்த இடத்தில் கிண்ணம். தசைநார் கிழிந்துபோனவர்களுக்குக் கையைத் தூக்கும் வேலையை மேலே உள்ள பெரிய தசையே செய்துவிடும்படி இழுவிசை மாறுகிறது. பிரான்சின் டிஜோன் நகரில் பால் கிராமோன் 1985-ல் இதற்கு வடிவம் கொடுத்தார். இப்போது எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும், கிண்ணம் அதிகம் தேய்ந்தவர்களுக்கும் தசைநார் நன்றாக இருந்தாலுமே இதையே வைக்கிறார்கள். இரண்டிலுமே பத்தில் ஒன்பது பேருக்குக் குறையாமல் பத்தாண்டுக்குப் பிறகும் மூட்டு நிலைக்கிறது. வலி குறைவதுதான் முதல் லாபம். கை முழுக்க மேலே போவது இரண்டாவது, அதற்கு யாரும் உறுதி தர முடியாது.

தோள் மாற்று புதிய விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். 1893-லேயே பாரிஸில் பியான் என்ற அறுவை நிபுணர், காசநோயால் தோள் அழிந்த ஒரு ரொட்டிக்கடைத் தொழிலாளிக்கு பிளாட்டினமும் ரப்பரும் கொண்ட மூட்டை வைத்தார். செய்து கொடுத்தவர் ஒரு பல் மருத்துவர். இரண்டு ஆண்டுகளில் கிருமித்தொற்றால் அதை எடுத்துவிட வேண்டியதாயிற்று.

கிருமி இன்றும் பெரிய பகைதான். தோளுக்கென்றே ஒரு கிருமி உண்டு: முகப்பருவோடு தொடர்புடைய பாக்டீரியா, அக்குளும் தோளும் சார்ந்த தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் வாழ்கிறது. மிக மெதுவாக வளரும். ஆய்வகத்தில் இரண்டு வாரம்வரை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மாதக்கணக்கில் காய்ச்சலே இல்லாமல் வெறும் வலியும் இறுக்கமுமாக இருக்கும். அதனால் சில நிபுணர்கள் அறுவைக்கு முந்தைய நாட்களில் பென்சாயில் பெராக்சைடு என்ற பரு மருந்தைப் பூசச் சொல்வார்கள்; அது துணியை வெளுக்கும், பழைய ரவிக்கை போட்டுக்கொள்ளட்டும். அம்மாவின் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) எட்டு சதவீதத்துக்குமேல் இருந்தால் அறுவையைத் தள்ளிவைத்து முதலில் அதைக் குறைப்பதே சரி. சொத்தைப் பல், கால் புண் இருந்தால் அவற்றுக்கும் முன்பே வைத்தியம் வேண்டும்.

அறுவைக்குப் பின் நான்கிலிருந்து ஆறு வாரம் கை, கழுத்தில் மாட்டும் துணித் தொட்டிலில் இருக்கும். வலது கை என்பதால் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட இப்போதே பழகட்டும். அந்த வாரங்களில் தரையில் உட்கார்ந்து கையை ஊன்றி எழக் கூடாது. புதிதாகத் தைத்த தசைநார் பிய்ந்துவிடும். தரையில் உட்காரும் கழிப்பறை மட்டும் உள்ள வீடு என்றால் முதலில் அதற்கு ஏற்பாடு செய்யுங்கள். தலைகீழ் மூட்டில் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது சிரமமாகவே இருக்கலாம். இடது தோளாக இருந்தால் கழுவுவது பற்றிய கேள்வி எழும். வெட்கப்பட்டு யாரும் கேட்பதில்லை, அறுவைக்குப் பிறகு திண்டாடுகிறார்கள். உங்கள் அம்மாவுக்கு வலது தோள் என்பதால் அது பிரச்சினை இல்லை. ஆனால் ரவிக்கையின் பின்பக்கக் கொக்கி, பின்னல் போடுவது இவற்றை எதிர்பார்ப்பிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். தானே சாப்பிடுவது, முகம் கழுவுவது இரண்டு மூன்று மாதத்தில் வந்துவிடும். முழுப் பலன் தெரிய ஆறு மாதம் முதல் ஓராண்டு.

நிபுணரைத் தேர்ந்தெடுக்கும்போது ஆண்டுக்கு எத்தனை தோள் மாற்று செய்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். முழங்கால் மாற்றில் கைதேர்ந்தவர் எல்லோரும் தோளில் கைதேர்ந்தவர் அல்ல. தோள் மாற்று நம் ஊரில் இன்னும் அரிது. எந்த வகை மூட்டு, ஏன் அது, கிண்ணத்தின் எலும்பு எந்த அளவில் இருக்கிறது என்று சி.டி. ஸ்கேனைக் காட்டி அவர் விளக்க வேண்டும். செலவில் பெரும்பங்கு உள்ளே வைக்கும் மூட்டுக்குத்தான். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது முழங்கால் மூட்டுகளுக்கு. அதை வைத்துத் தோளுக்குக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். மூட்டின் விலை தனியாக, மருத்துவமனைச் செலவு தனியாக எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் தோள் மாற்று அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் தேதி குறிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். அறுவை முடிந்து வீடு திரும்பும்போது, வைத்த மூட்டின் நிறுவனம், அளவு, வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கர் டிஸ்சார்ஜ் அறிக்கையில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து ஆண்டு கழித்து ஒரு பாகத்தை மாற்ற வேண்டி வந்தால் அந்த மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.